செம்மொழி தொட்ட குதிரை

செம்மொழியைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று என்னை யாரும் கேட்கவில்லை. எங்கள் சதுரங்கக் கழகம் பத்தாம் ஆண்டு மலர் போடுகிறது. இந்த வருட மகளிர் கோப்பையின் கடைசி ஆட்டத்தை அலசி இரண்டு பக்கம் எழுதுங்கள் என்றுதான் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தேன். ஆட்டத்தைத் தள்ளிவிட்டு ஆள் முன்னால் வந்து நின்றுவிட்டாள். மலரில் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளட்டும், நான் எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

என் பெயர் வானதி. சீர்காழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. எனக்குக் கோபம் எப்போதும் மூக்குமேல்தான் நிற்கும். இருபத்திரண்டு வருடமாக விசில் ஊதி ஊதி, வீட்டில் சாம்பார் ஊற்றச் சொல்வதற்குக்கூட விசில் ஊதுகிற தொனிதான் வருகிறது என்பார் என் வீட்டுக்காரர். சதுரங்க நடுவர் தேர்வு எழுதித் தேறியவள். சட்டம் என்றால் சட்டம், அப்பனே வந்தாலும் விடமாட்டேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு திமிர் உண்டு. இப்போது உண்டு என்று சொல்ல நாக்கு கூசுகிறது.

செம்மொழிக்குச் சீர்காழிக்குக் கிழக்கே வாய்க்கால் ஓரத்தில் ஓர் ஊர். அப்பா கோவிந்தராசு, அம்மா காத்தாயி. இரண்டு பேரும் அடுத்தவர் வயலில் நட்டு, களை பறித்து, அறுத்து வயிறு வளர்த்தவர்கள். இப்போது சொந்தமாக முக்கால் ஏக்கர் இருக்கிறது. செம்மொழி மயிலாடுதுறையில் அரசு விடுதியில் தங்கிக் கணிதம் படித்தாள். அந்த விடுதியில் ஒரு சதுரங்கப் பலகை கிடந்தது, அதில் ஒரு கருப்பு மந்திரி காணாமல் போய் சோடா மூடியை வைத்து ஆடினார்களாம். அதில் கற்றுக்கொண்டாள். யாரும் சொல்லித்தரவில்லை. தோற்றுத் தோற்றுத்தான் வந்தது டீச்சர் என்று ஒருமுறை சொன்னாள். படிப்பை முடித்து அரசு வேலைத் தேர்வுகளாக எழுதினாள். ஒவ்வொன்றிலும் இரண்டு மதிப்பெண், மூன்று மதிப்பெண்ணில் தவறிப்போனது. திருக்கடையூர் சாலையில் ஒரு இ-சேவை மையத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து, ஊராருக்குச் சாதிச் சான்றும் வருமானச் சான்றும் பதிந்துகொடுத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் கைப்பேசியில் சதுரங்கம்.

பொங்கல் முடிந்த வாரம் கோப்பை நடந்தது. கடைசி நாள் காலையில் காத்தாயி என்னிடம் வந்தார். கையில் சோற்றுத் தூக்கு, முகத்தில் கெஞ்சல்.

"டீச்சரம்மா, இதுல ஜெயிச்சவங்களுக்குக் குடுக்குற காயிதம் இருந்தா ஒரு ஆபீசு வேலைக்கு எழுதிப் போடலாமாமே. நெசந்தானா?"

"நிஜம்தாங்க. விளையாட்டு ஆளுங்களுக்குன்னு தனியா இடம் வச்சிருக்காங்க. வயசு முப்பத்திரண்டு முடியுறதுக்குள்ள விண்ணப்பிக்கணும்."

"எம்பொண்ணுக்கு வர்ற கார்த்திகையோட முப்பத்திரண்டு முடியுது. இதுதான் டீச்சரம்மா கடேசி. அடுத்த வருசம்லாம் கெடையாது."

"அவ நல்லாத்தான் ஆடுறா. நீங்க போயி நிழல்ல உக்காருங்க" என்று அனுப்பிவைத்தேன். அவர் நிழலுக்குப் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெயிலிலேயே நின்றார்.

கோப்பை நடந்த இடம் ஒரு கல்யாண மண்டபம். பந்திக்குப் போடும் குறுகல் மேசைகளைத்தான் ஆட்டத்துக்கும் போட்டிருந்தோம். மண்டபத்துக்குள் செருப்பு போடக்கூடாது என்பதால் எல்லோரும் வெறுங்கால். எதிரெதிரே உட்கார்ந்தால் முட்டிக்கு முட்டி இடிக்கும். மேசை சின்னது என்று ஆரம்பத்திலேயே இரண்டு பேர் குறை சொன்னார்கள், நான்தான் ஆட வந்தீங்களா சாப்பிட வந்தீங்களா என்று வாயடைத்துவிட்டேன்.

கடைசிச் சுற்றில் முதல் மேசை. வெள்ளைக் காய் செம்மொழிக்கு. கருப்பு தஹ்மீனாவுக்கு. தஹ்மீனா தரங்கம்பாடிப் பெண், இருபத்தோரு வயது, சென்னையில் கல்லூரி. அவள் வாப்பா சித்தீக் துபாயில் கடையில் வேலை பார்க்கிறார். கெட்டிக்காரி, பயம் தெரியாதவள். இரண்டு பேருக்கும் புள்ளி சமம். ஜெயிக்கிறவளுக்குக் கோப்பை.

இனி ஆட்டம். முப்பத்து மூன்று நகர்த்தல் வரைக்கும் செம்மொழி ஆடியதை நான் கணினியில் போட்டுப் பார்த்தேன். ஒரு பிசிறு கிடையாது. இருபதாவது நகர்த்தலில் c வரிசைச் சிப்பாயைத் தள்ள ஆரம்பித்தாள். தஹ்மீனா அதைத் தடுக்க யானையைக் கொண்டுபோய் c8-இல் நிறுத்தினாள். செம்மொழி அவசரப்படவில்லை. ஒரு பக்கம் மிரட்டி, மறு பக்கம் ஒரு கட்டம், மிரட்டி, இன்னொரு கட்டம். முப்பத்து மூன்றில் சிப்பாய் c7-க்கு வந்துவிட்டது. இன்னும் ஒரே கட்டம், அது ராணியாகிவிடும். தஹ்மீனா குதிரையை g6-க்கு இழுத்தாள். அது அவள் பக்கத்தில், கை வைத்திருந்த இடத்துக்கு நேர் முன்னால் இருக்கும் கட்டம்.

இப்போது செம்மொழி b1-இல் இருக்கும் யானையை b8 வரைக்கும் ஏற்றினால் கதை முடிந்தது. கருப்பு யானை விலகினால் ராஜாவுக்கு அடி, அதனால் விலக முடியாது. வெட்டினால் சிப்பாய் திருப்பி வெட்டி ராணியாகும். சும்மா நின்றாலும் சாவு. செம்மொழியிடம் இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. என் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த நிலையைக் காட்டினேன், பாதிப்பேர் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நான் செம்மொழிக்குப் பின்பக்கம் நின்றிருந்தேன். அவள் நாற்காலியை முன்னால் இழுத்தாள். வலது கை சட்டென்று பலகைக்கு மேலே நீண்டது. எதிராளி பக்கம் போய், ஒரு கணம் தயங்கி, g6-இல் இருந்த கருப்புக் குதிரையின் தலையை இரண்டு விரலால் தொட்டது. பிறகு கை திரும்பி அவள் முகத்துக்குப் போனது. நினைப்பை மாற்றிக்கொண்டு கன்னத்தில் கை ஊன்றுகிறாள் என்றே நான் நினைத்தேன்.

எதிராளியின் காயைத் தொட்டால், வெட்ட முடியுமென்றால் அதை வெட்டியே ஆகவேண்டும். அந்தக் குதிரையை வெட்டக்கூடிய காய் செம்மொழியிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, d3-இல் நின்ற ராணி. குதிரைக்குக் காவலாகச் சிப்பாய் நிற்கிறது. வெட்டினால் ராணி போய்விடும்.

நான் இரண்டே எட்டில் மேசைக்கு வந்தேன்.

"குதிரையத் தொட்டியா?"

செம்மொழி நிமிர்ந்து பார்த்தாள். "தொட்டேன் டீச்சர்."

"அப்ப வெட்டு."

தஹ்மீனா தலையைக் குனிந்துகொண்டாள். செம்மொழி அரை நிமிடம் பலகையையே பார்த்தாள். வாதாடவில்லை, மேல்முறையீடு கேட்கவில்லை. ராணியை எடுத்து குதிரை இருந்த இடத்தில் வைத்து, குதிரையைப் பலகைக்கு வெளியே வைத்தாள். தஹ்மீனா சிப்பாயால் ராணியை வெட்டினாள்; சிப்பாய் விலகியதில் அவள் ராஜாவுக்குத் தப்ப வழி கிடைத்து, b8 மிரட்டலும் செத்துப்போனது. நாற்பத்து ஒன்றாவது நகர்த்தலில் செம்மொழி கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கை கொடுத்தாள். பரிசளிப்பு முடியும்வரை இருந்து, இந்த ஆட்டத்தை மலரில் நான் அலசி எழுதப்போகிறேன் என்று மேடையில் சொன்னபோது கையும் தட்டினாள். காத்தாயி மட்டும் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ள தோத்துப்போச்சா டீச்சரம்மா? மதியம் ஜன்னல் வழியா பாத்தப்பகூட சிரிச்ச முகமால்ல இருந்துச்சு" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கவனம் பத்தலைங்க உங்க பொண்ணுக்கு" என்றேன்.

அடக்கொடுமையே. அந்த வாயை இப்போது நினைத்தால் அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது.

ஆட்டத்தாள்கள் என் பீரோவில் எட்டு மாதம் கிடந்தன. மலர் வேலை ஒன்றும் தலைபோகிற அவசரமில்லை, விளையாட்டு விழா முடியட்டும், கோடை விடுமுறை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். புரட்டாசி பிறந்தபிறகு கழகத்தில் நெருக்கவே தாள்களை எடுத்தேன். முப்பத்து நான்காவது நகர்த்தலுக்கு, நேர நெருக்கடியில் பதறிக் குதிரையைத் தொட்டார் என்று எழுதினேன். எழுதியதை எனக்கே நம்ப முடியவில்லை. ஏழு நிமிடம் இருக்கிறவளுக்கு என்ன நெருக்கடி? முப்பத்து மூன்று நகர்த்தல் பதறாதவள் ஜெயிக்கிற இடத்தில் ஏன் பதற வேண்டும்? யோசிக்க யோசிக்க எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. இப்படி ஆடத் தெரிந்தவள் இப்படியா கோட்டை விடுவாள், நேரில் போய் நாலு கேள்வி கேட்டால்தான் மனசு ஆறும் என்று சனிக்கிழமை பேருந்து ஏறினேன்.

வழியெல்லாம் சம்பா நடவு. ஆள் நடவு பாதி, இயந்திர நடவு பாதி. திருக்கடையூரில் இறங்கினால் மணிவிழாவுக்கு வந்த வண்டிகள் சாலை முழுக்க நின்றன. இ-சேவை மையத்தில் பிற்பகல் கூட்டம் குறைந்திருந்தது. வெளியே பெஞ்சில் மூன்று பேர் மட்டும் காத்திருந்தார்கள். செம்மொழி என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். அவளே போய் டீ வாங்கிவந்தாள். எட்டு மாதத்தில் கொஞ்சம் மெலிந்திருந்தாள்.

பையிலிருந்து சின்னக் காந்தப் பலகையை எடுத்து அவள் மேசையில் வைத்தேன். இரண்டு பேரும் ஆட்டத்தை முதலிலிருந்து நகர்த்தினோம். ஆட்டத்தாளைப் பார்க்காமலே எல்லா நகர்த்தலையும் சொன்னாள். இருபத்தாறில் தஹ்மீனாவுக்கு ஒரு நல்ல தற்காப்பு இருந்தது, அதை அவள் கவனித்திருந்தால் ஆட்டம் சமன்தான் என்று நியாயமாகச் சொன்னாள். அது எனக்கே தெரியாது, கணினியில் திரும்பப் பார்த்தேன், உண்மைதான். முப்பத்து மூன்று வந்தது.

"இங்க அடுத்தது என்ன?" என்றேன்.

"யானை b8. அத நான் முப்பதுலயே பாத்துட்டேன் டீச்சர்."

எனக்குத் தாங்கவில்லை. "பாத்துட்டியா? பாத்துட்டு எதுக்குடி அந்தக் குதிரைமேல போய் கை வச்ச? கைக்கு எட்டுனத வாய்க்கு எட்ட விடாம பண்ணிட்டியே! எங்கடி வச்சிருந்த புத்திய?"

வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். செம்மொழி பலகையைப் பார்த்தபடியே பேசினாள்.

"கால் பட்டுருச்சு டீச்சர்."

"என்ன கால்?"

"என் காலு, அந்தப் புள்ள கால்ல. யானைய எடுக்கலாம்னு நாற்காலிய முன்னால இழுத்தேன்ல, அப்ப மேசைக்கு அடியில நல்லாவே மிதிச்சிட்டேன். டக்குன்னு கை போயிருச்சு, தொட்டு ஒத்திக்க. பாதியில, ஆட்டத்துக்கு நடுவுல எதிராளியத் தொடக்கூடாதேன்னு நெனப்பு வந்துச்சு. கை நீட்டியாச்சு, சும்மா மடக்க மனசு வரல. கீழ அவ குதிரை நின்னுச்சு. அவளுக்குப் பதிலா அதத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன்."

அன்று வரும் வழியில் பேருந்தில் ஒரு அம்மாவின்மேல் என் கால் பட்டு, அவர் தோளைத் தொட்டு நானே கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். நம்மில் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, நினைப்பதற்கு முன்னால் கை போய்விடும். சட்டப் புத்தகத்தில் வெறுமனே தொட்டால் என்று எழுதியிருக்கவில்லை. நகர்த்தவோ வெட்டவோ நினைத்துத் தொட்டால் என்றுதான் எழுதியிருக்கிறது. தேர்வில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

"இத அன்னிக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்றேன்.

"நீங்க தொட்டியான்னு கேட்டீங்க. தொட்டேன்னு சொன்னேன். எதுக்குத் தொட்டேன்னு நீங்க கேக்கலயே டீச்சர்." காந்தப் பலகையில் குதிரையை விரலால் நேராக்கினாள். "எங்க அப்பா சின்ன வயசுல ஒரு டீக்கடையில கண்ணாடி கிளாஸத் தொட்டுட்டாருன்னு நடுத்தெருவுல நிக்க வச்சி கேட்டாங்களாம், தொட்டியா தொட்டியான்னு. கீழ விழப் போனதப் புடிச்சிருக்காரு. அத யாரும் காதுல வாங்கல. அப்படிக் கேக்குறவங்க கேக்கும்போதே முடிவு பண்ணிட்டுதான் கேப்பாங்க, வெளக்கம் சொன்னா இன்னும் ரெண்டு அடிதான் சேத்து விழும்னு அப்பா சொல்லுவாரு. நீங்க அந்த மாதிரி ஆள் இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா உங்க கொரல் அன்னிக்கு அப்படி இருந்துச்சு."

நான் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது, அந்த மேசையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். அவள்தான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

உடனே தஹ்மீனாவுக்குக் கைப்பேசியில் போட்டேன். செம்மொழியும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் வைத்தேன். முதல் மேசை ஆட்டம், முப்பத்து நான்காவது நகர்த்தல் என்று ஆரம்பித்ததுமே அந்தப் பக்கத்திலிருந்து குறுக்கிட்டாள்.

"கால் பட்டுச்சே, அதானே மேடம்?" என்றாள் தஹ்மீனா.

"உனக்குத் தெரியுமா?"

"சுண்டு விரல் நசுங்கிப் போச்சு, தெரியாம என்ன? அவங்க குதிரையத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டதயும் பாத்தேன். பரவால்ல அக்கான்னு சொல்ல வாயத் தொறந்தேன், நீங்க வந்துட்டீங்க. வெட்டுன்னு சொன்னீங்க. எனக்கும் அந்தக் கோப்பை வேணும்னு இருந்துச்சு மேடம். வாய மூடிக்கிட்டேன். வாப்பாகிட்ட மட்டும் சொன்னேன். அவங்க ஒரு வாரம் எங்கிட்ட சரியாப் பேசல. செம்மொழி அக்கா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கேன்ம்மா. ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டாள் செம்மொழி.

அந்தப் பெண் தேம்பித் தேம்பி அழுவது இந்தப் பக்கம் கேட்டது. நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு இன்றைக்கே அனுப்புகிறேன், கோப்பையை வேண்டுமானால் நாளைக்கே கொண்டுவந்து கொடுக்கிறேன் என்றாள்.

எனக்கு உடம்பில் உயிர் திரும்பிவந்தது. கழகத்தின் விதியில் இடம் இருக்கிறது. நடுவரே தன் தவறை ஒப்புக்கொண்டு எழுதிக்கொடுத்து, எதிராளியும் சம்மதித்தால், இரண்டு பேரையும் சேர்த்து வெற்றியாளராக அறிவிக்கலாம். நானே செயற்குழுவில் இருக்கிறேன். எவன் மறுத்தாலும் மேசையைக் கவிழ்த்துவிட்டு வருவேன்.

"எழுந்திரு செம்மொழி, ஒரு வெள்ளத்தாள் குடு" என்றேன். "ஒரு வாரத்துல சான்றிதழ் உன் கையில இருக்கும். கார்த்திகைக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு. இங்கயே உக்காந்து உன் விண்ணப்பத்த நீயே போட்டுக்கடி!"

அவள் தாள் எடுக்கவில்லை. கணினியில் அந்த வேலைக்கான பக்கத்தைத் திறந்தாள். தேட வேண்டியிருக்கவில்லை, அவளுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது. பெயர் அடித்தாள். பிறந்த தேதிக் கட்டத்தில் தேதியை அடித்தாள். திரையில் சிவப்பில் ஒரு வரி வந்தது, வயது வரம்பைக் கடந்துவிட்டீர்கள் என்று.

"தப்பா அடிச்சிருக்கே" என்றேன். "ஜூன் ஒண்ணுன்னு போட்டிருக்க. உங்க அம்மா கார்த்திகைன்னாங்களே."

"அம்மா சொன்னது நான் பொறந்த மாசம் டீச்சர். பள்ளிக்கூடத்துல சேத்தப்ப அஞ்சு வயசு ஆகலன்னு வாத்தியாரே ஜூன் ஒண்ணுன்னு எழுதிட்டாரு. எங்க தெருவுல பாதிப்பேருக்கு ஜூன் ஒண்ணுதான். அம்மாவுக்கு அது தெரியாது, நானும் சொல்லல. கார்த்திகை வரைக்கும் நம்பிக்கிட்டு இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஆட்டம் நடந்தது ஜனவரியில். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே. நான்கு மாதம் முழுசாக இருந்திருக்கிறது. அந்த நான்கு மாதமும் ஆட்டத்தாள் என் பீரோவில், என் புடவைகளுக்குக் கீழே கிடந்திருக்கிறது.

"ஏன்டி எங்கிட்ட வரல?" என்றேன். "ஒரு போன் பண்ணியிருக்கலாமே. திட்டியிருப்பேன், ஆனா கேட்டிருப்பேன்ல."

செம்மொழி அந்தப் பக்கத்தை மூடினாள்.

"ஆட்டத்த எழுதும்போது எப்படியும் அந்த எடத்துல உங்களுக்கு இடிக்கும், ஏன் தொட்டேன்னு கேக்க வருவீங்கன்னு நெனச்சேன் டீச்சர்" என்றாள். "மே மாசம் முப்பத்தொண்ணாந்தேதி சாயங்காலம் வரைக்கும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."